என்-400 (அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பப் படிவம்): அரசியல் பகுதியில் வரும் சந்தேகங்கள்

கேள்வி: மதுரையில் கல்லூரியில் படித்தபோது கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் கார்டு வாங்கினேன். விலகி 14 வருஷம் ஆகிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் "எப்போதாவது உறுப்பினராக இருந்தீர்களா" என்று இருக்கிறதே, "இல்லை" என்று போட்டுவிடலாமா?

போடாதீர்கள். கேள்வி ஆயுசு முழுக்கக் கேட்கிறது. ஆனால் குடியுரிமைக்குச் சட்டம் போடும் தடை, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 வருஷத்துக்குத்தான். உங்கள் 14 வருஷம் அதற்குள் வராது. 10 வருஷத்துக்குள் இருந்தாலும் விலக்கு உண்டு: 16 வயதுக்குள் விலகியது, கட்டாயத்தால் சேர்ந்தது, வேலைக்கோ ரேஷனுக்கோ வேண்டிச் சேர்ந்தது. "ஆம்" போட்டு, எந்தக் கட்சி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன பொறுப்பு என்று தனித்தாளில் நாலு வரி எழுதி இணையுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். கிரீன் கார்டு படிவத்திலும் இதே கேள்வி வந்திருக்கும். அங்கே "இல்லை" என்று போட்டிருந்தால், இப்போது சொல்லும் உண்மை அந்தப் பழைய பொய்யைக் காட்டிக்கொடுக்கும். அப்படியானால் படிவத்தை மூடி வைத்துவிட்டுக் குடியேற்ற வக்கீலிடம் போங்கள். தேர்தலில் அரிவாள் சுத்தியலுக்கு ஓட்டுப் போட்டது உறுப்பினர் ஆனதாகாது. கட்சிக்கு நன்கொடை கொடுத்திருந்தால் அது தொடர்பாகக் கருதப்படலாம்; அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இயக்கத்துக்குக் கட்டாயத்தில் காசு கொடுத்தோம். அதையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். தொகை சிறியது என்பது வாதமாகாது. நிர்ப்பந்தத்தில் கொடுத்ததற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, ஆனால் அது தானாகக் கிடைக்காது. வக்கீல் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். கிரீன் கார்டுதான் இருக்கிறது. ஓட்டுப் போடவில்லை.

போடாமல் விட்டது நல்லது. குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிப் பதிவதே நாடு கடத்தக் காரணமாகலாம். "தெரியாமல் டிக் அடித்தேன்" என்பதை எளிதில் ஏற்க மாட்டார்கள். ஆகவே டிக் அடித்தது நீங்களா, கவுண்டர் ஊழியரா என்பதுதான் முக்கியம். லைசென்ஸ் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு வக்கீலைக் கலந்துகொண்டு, கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். பதிவான தேதி, ஓட்டுப் போட்ட வரலாறு இல்லை, நீக்கிய தேதி, மூன்றும் உள்ள கடிதம் கையில் வந்த பிறகே என்-400. அதில் "வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா" என்ற கேள்வி இருக்கிறது.

மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் நகரத் தேர்தலுக்குக் குடிமக்கள் அல்லாதவரும் ஓட்டுப் போடலாம். அதைக் கேட்டுவிட்டு வேறு ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டாம்.

கேள்வி: எச்1பி-யில் (தற்காலிக வேலை விசா) இருக்கிறேன். வேட்பாளருக்கு 50 டாலர் கொடுக்கலாமா?

கூடாது. கிரீன் கார்டுக்காரர் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கலாம். உங்கள் பணத்தை நண்பர் கார்டு வழியாக அனுப்புவதும் குற்றம்தான்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, கிரீன் கார்டு வாங்கி 21 வருஷம். ஆங்கிலம் வராது.

தேவையே இல்லை. விண்ணப்பிக்கும்போது 65 வயதும், நிரந்தர வாசியாக 20 வருஷமும் ஆகியிருந்தால், குடிமையியல் தேர்வுக்குத் தமிழிலேயே வாயால் பதில் சொல்லலாம். தனியாகக் குறித்த 20 கேள்விகளில் 10 கேட்பார்கள், 6 சரியானால் போதும். மொழிபெயர்ப்பாளரை நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும்.

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த மறுவாரம் சென்னை டிக்கெட். இந்திய பாஸ்போர்ட்டில் போய் வந்துவிடலாமா?

முடியாது. உறுதிமொழி எடுத்ததோடு இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அந்தப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினால் அபராதம் உண்டு. அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கி, பழையதை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்று, அதன் பிறகுதான் ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை). டிக்கெட் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.