கிரேஹவுண்ட் வீட்டுக்கு வந்த பிறகு: சில கேள்விகள், என் பதில்கள்

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் இன நாய்களை வீட்டில் வைத்துப் பழக்கி, பிறகு தத்துக்கு அனுப்புவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். தத்தெடுப்பு பற்றியும், தீ, வெள்ளம் போன்ற நேரங்களில் நாயைக் காப்பது பற்றியும் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாயாமே! இரண்டாவது மாடி ஃபிளாட்டில் வைத்துக்கொண்டால் பாவமில்லையா?

பாவமெல்லாம் இல்லை. அந்த ஓட்டம் அரை நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் காலை நீட்டிப் படுத்துத் தூங்கும் சோம்பேறி அது. என் கவலை உங்கள் மாடிப்படியைப் பற்றித்தான். கூண்டிலும் ஓடுதளத்திலுமே வளர்ந்த நாய் படிக்கட்டையே பார்த்திருக்காது. கண்ணாடிக் கதவும் அதற்குப் புதிது, நேராகப் போய் முட்டிக்கொள்ளும். வந்த முதல் வாரமே படியைப் பழக்குங்கள். நீங்கள் பின்னால் நின்று, ஒவ்வொரு காலாகத் தூக்கி அடுத்த படியில் வைக்க வேண்டும். ஏறக் கற்றுக்கொண்டதும் நிறுத்திவிடாதீர்கள், இறங்குவதுதான் அதற்குப் பெரும்பாடு. தீப்பிடித்தால் லிஃப்ட்டில் போக முடியாது. முப்பது கிலோ நாய் படி முனையில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றால் என்ன செய்வீர்கள்?

வீட்டில் பூனை இருக்கிறது. ஒத்துப்போகுமா?

சிலது ஒத்துப்போகும், சிலது கடைசிவரை ஒத்துப்போகாது. பூனையோடு பழக்கிப் பார்த்த நாயா என்று தத்துக் கொடுப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் சில வாரம் வாய்க்கூடை (கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் மூடி) போட்டே விடுங்கள். பந்தய நாய்களுக்கு அது பழகிய பொருள்தான், நமக்குத்தான் மனசு கேட்காது. ஒத்துப்போகிற ஜோடியாகவே இருந்தாலும், ஆபத்து நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறும்போது இரண்டையும் ஒரே இடத்தில் அடைக்காதீர்கள். மிரண்ட பூனை ஓடும், ஓடுவதை இது துரத்தும்.

பந்தயத் தளங்களை மூடிவருகிறார்களே, இனி தத்தெடுக்க நாய் கிடைக்குமா?

இப்போதைக்குக் கிடைக்கும். சீனாவின் மக்காவு நகரில் 2018-ல் பந்தயத் தளத்தை மூடியபோது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களுக்கு ஒரே சமயத்தில் வீடு தேட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அதே வருடம் வாக்கெடுப்பு நடந்து, 2020 முடிவோடு பந்தயம் நின்றது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவில் இன்னும் நடக்கிறது.

அக்கா, சாதாரணக் கழுத்துப் பட்டை போதாதா? மார்ட்டிங்கேல் பட்டைதான் வேண்டும் என்கிறார்களே?

போதாது. இந்த நாய்க்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம். பின்னால் ஒரு எட்டு வைத்துத் தலையை ஆட்டினால் சாதாரணப் பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் அளவோடு இறுகுவது மார்ட்டிங்கேல்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு ராத்திரி எங்கள் கட்டடத்தில் புகை அலாரம் அடித்தது. அவசரத்தில் கைக்குக் கிடைத்த பழைய பட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும், அப்போது என்னிடம் இருந்த பெண் நாய் பின்வாங்கினாள். அடுத்த நொடி என் கையில் பட்டை மட்டும் இருந்தது, வளையத்தில் பெயர்த்தகடு ஆடிக்கொண்டிருந்தது. விடிந்த பிறகு, நிறுத்தியிருந்த ஒரு லாரிக்கு அடியில் கண்டுபிடித்தோம். தொடையில் தோல் கிழிந்து தொங்கியது. இவற்றின் தோல் அவ்வளவு மெல்லிசு. மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தது, ஆனால் அதற்குப் பதிவாகியிருந்தது பழைய உரிமையாளரின் தொலைபேசி எண். மாற்ற வேண்டும் என்று நினைத்து நினைத்தே நான்கு மாதம் ஓட்டியிருந்தேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். நாய் வீட்டுக்கு வந்த அன்றே எண்ணை மாற்றுங்கள்.

அவசரப் பையில் என்னென்ன வைப்பது?

ஒரு வாரத்துக்கான தீவனம், தண்ணீர், மருந்து, தடுப்பூசிச் சான்றின் நகல், நாயும் நீங்களும் சேர்ந்திருக்கும் படம். இவை எல்லா நாய்க்கும் பொது. கிரேஹவுண்டுக்கு மேலும் மூன்று உண்டு.

ஒன்று, குளிர்ச் சட்டை. உடம்பில் கொழுப்பே கிடையாது, நனைந்தால் சீக்கிரம் விறைத்துவிடும். இரண்டு, வாய்க்கூடை. நிவாரண முகாமில் குட்டி நாய்கள் ஓடிக்கொண்டிருக்கும், இது துரத்தப் பார்க்கும்.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: நாய் ஆரோக்கியமாக இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள். இந்த இனத்துக்குச் சிவப்பணு விகிதம் இயல்பிலேயே அதிகம். தட்டணுக்களும் தைராய்டு அளவும் குறைவு. உங்கள் வழக்கமான டாக்டருக்கு இது தெரிந்திருக்கும். வெள்ளத்தில் எங்கோ ஒரு ஊரில் புதிதாகப் பார்க்கும் டாக்டர், நாய்க்கு நீர்ச்சத்து வற்றிவிட்டது, தைராய்டு கோளாறு என்றெல்லாம் நினைக்க வாய்ப்புண்டு. தாளின் மேலேயே கொட்டை எழுத்தில் 'கிரேஹவுண்ட், தயோபென்டால் மயக்க மருந்து கொடுக்க வேண்டாம்' என்று எழுதி வையுங்கள். அந்த வகை மருந்து இவற்றின் உடம்பிலிருந்து இறங்க நெடுநேரம் ஆகும், ஆபத்து.

வெளியேறச் சொன்னால் நாயை மாடியில் விட்டுவிட்டு, மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாமா?

மறுநாள் உங்களை உள்ளே விடுவார்கள் என்பது என்ன நிச்சயம்? 2005-ல் கத்ரீனா புயலின்போது நாய், பூனையை விட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2006-ல் சட்டமே வந்தது. கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். எந்த முகாமில் நாயை அனுமதிப்பார்கள், எந்த நண்பர் வீட்டில் சேர்ப்பார்கள் என்பதை மழைக்கு முன்பே விசாரித்து வையுங்கள். வேறு வழியே இல்லாமல் விட்டுப் போக நேர்ந்தால் தயவுசெய்து கட்டிப்போடாதீர்கள்.

தூங்கும்போது தொட்டால் என் நாய் உறுமுகிறது. நடுராத்திரி கிளம்ப வேண்டி வந்தால் என்ன செய்ய?

பல கிரேஹவுண்ட்களுக்கு இது உண்டு. கண் திறந்தபடியே தூங்கும், விழித்திருக்கிறது என்று நினைத்துக் கை வைத்துவிடுவோம். அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தலையைத் தூக்கியதும் ஒரு தின்பண்டம். தினம் இப்படியே எழுப்பினால் சில வாரங்களில் பெயரைக் கேட்டதும் எழுந்து வரும். அப்புறம், பட்டையும் கயிறும் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கட்டும். இருட்டில் தேட வேண்டியிருக்காது.