பவுலுக்குத் திருமணமே பிடிக்காதா?

‘1 கொரிந்தியர் 7ஐப் படித்தால் பவுல் கல்யாணத்தை வேண்டாவெறுப்பாகத்தான் அனுமதிக்கிறார் போலிருக்கிறதே, “வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம்” (இச்சையில் வேகிறதைவிடக் கல்யாணம் பண்ணுவது மேல்) என்றால் திருமணம் வெறும் வடிகால்தானா?’ என்பது கேள்வி. அப்போஸ்தலராகிய பவுல் கிரேக்க நாட்டுக் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரம் இது. எங்கள் சபையில் நான் எடுக்கும் வேதபாட வகுப்பிலும் இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்.

பவுல் தனியாக வாழ்ந்தார், மற்றவர்களும் அப்படி இருந்தால் நல்லது என்று நினைத்தார். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் இந்த அதிகாரம் ஒரு கடிதத்துக்குப் பதில் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் எல்லாமே கோணலாகத் தெரியும். முதல் வசனமே ‘நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து’ என்றுதான் தொடங்குகிறது. கொரிந்து சபையார் எழுதிய அந்தக் கடிதம் நம் கையில் இல்லை. அடுத்து வரும் ‘ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது’ என்பது பவுலின் சொந்தக் கருத்தல்ல, கொரிந்து சபையில் சிலர் எழுதி அனுப்பியதை அவர் எடுத்துச் சொல்லிப் பதில் தருகிறார் என்பது இன்று பல அறிஞர்கள் ஏற்கும் வாசிப்பு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஏனென்றால் அடுத்த வசனத்திலிருந்தே அவர் அதற்கு எதிர்த்திசையில் பேசுகிறார்: அவனவனுக்குச் சொந்த மனைவி இருக்கட்டும், ஒருவரையொருவர் வஞ்சிக்காதீர்கள், பிரிந்திருந்தாலும் கொஞ்ச காலம்தான், அதுவும் இருவரும் சம்மதித்தால், ஜெபத்துக்காக மட்டும்.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர்? கிரேக்க கொரிந்தை கி.மு. 146ல் ரோமர்கள் தரைமட்டமாக்கினார்கள். கி.மு. 44ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாகப் புதிதாக நிறுவினார். இரு பக்கமும் துறைமுகம், ஒன்று லெகாயோன், மற்றது கெங்கிரேயா. பவுல் அங்கே ஒன்றரை வருஷம் இருந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 18ல் பவுலின் வழக்கைத் தள்ளிவிடும் ரோம அதிகாரி கல்லியோன் அங்கே அதிபதியாக இருந்தது ஏறக்குறைய 51-52ல் என்று டெல்ஃபி கல்வெட்டை வைத்துச் சொல்ல முடிகிறது. அதன்பின் சில வருஷத்தில் எபேசுவிலிருந்து இந்த நிருபத்தை எழுதினார். பிரசங்கங்களில் ‘அப்ரோதித்தே (காதல் தெய்வம்) கோயிலில் ஆயிரம் தேவதாசிகள்’ என்று ஒரு கதை தவறாமல் வரும். அது அழிந்துபோன பழைய கொரிந்தைப் பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியது, அதையே வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. பவுல் காலத்து ஊருக்கு அதைப் பொருத்தாமல் இருப்பது நல்லது. அந்தக் கதை இல்லாவிட்டாலும் நிலைமை புரியும்.

பண்டைய கிரேக்க நீதிமன்ற உரை ஒன்று இருக்கிறது. ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பெயரில் வந்தாலும் அவர் எழுதியதல்ல என்பார்கள். கொரிந்தில் வளர்ந்த நியாயிரா என்ற பெண்ணுக்கு எதிரான வழக்கு அது. அதில் வழக்காடுபவர் கூச்சமே இல்லாமல் சொல்வதன் சாரம் இதுதான்: இன்பத்துக்குப் பரத்தையர், அன்றாட உடல் தேவைக்கு வைப்பாட்டிகள், முறையான வாரிசு பெறவும் வீட்டைக் காக்கவும் மனைவியர். இது கி.மு. நான்காம் நூற்றாண்டு. பவுலுக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், நல்ல மனிதர்தான், மணமக்களுக்கு அறிவுரை எழுதியபோதும், கணவன் ஒரு வேலைக்காரியோடு தவறினால் மனைவி கோபப்படக் கூடாது, தன்மேல் உள்ள மரியாதையால்தான் அந்தக் கூத்தை வேறொருத்தியோடு வைத்துக்கொள்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். ரோமச் சட்டத்தில் விபசாரம் என்றால் மணமான பெண் சம்பந்தப்பட்ட குற்றம். மணமான ஆண் தன் அடிமைப் பெண்ணிடமோ விலைமாதரிடமோ போனால் அது அந்தக் குற்றத்தில் சேராது.

இந்தச் சூழலில்தான் நான்காம் வசனம் வருகிறது. ‘மனைவியானவள் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி.’ இந்த முதல் பாதியை அன்றைக்கு யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அடுத்த பாதி: ‘அப்படியே புருஷனும் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி.’ இதைக் கேட்ட கொரிந்து வீட்டுத்தலைவன் ஒருவன் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். இதற்கு முந்தைய அதிகாரத்தில் வேசியிடம் போவதைப் பவுல் கண்டிப்பதும் அந்த ஊர் ஆண்களைப் பார்த்துத்தான். கல்யாணத்துக்கு முன் சபையில் நடக்கும் ஆலோசனைக் கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டுப் பெண்ணுக்குப் புத்தி சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பாதி வசனத்தை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது பவுல் இல்லை, நியாயிராவின் வழக்கில் பேசியவர்தான்.

நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கான சட்டமும் வெகுகாலம் முதல் பாதியிலேயே நின்றது. 1869 விவாகரத்துச் சட்டப்படி கணவன் விவாகரத்துப் பெற மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவிக்கோ அது போதாது, கூடவே கொடுமை, கைவிட்டுப்போனது போல இன்னொன்றையும் காட்ட வேண்டும். இது மாறியது 2001ல்.

பவுல் இதை எங்கிருந்து பிடித்தார்? ஓரளவு அவர் வளர்ந்த யூத மரபிலிருந்தே. யாத்திராகமம் 21:10 மனைவிக்கு உணவு, உடை, விவாகக் கடமை மூன்றையும் குறைக்கக் கூடாது என்கிறது. யூத வேத போதகர்களான ரபீக்கள் அந்த விவாகக் கடமையைக் கணக்குப்போட்டே வைத்திருந்தார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் வேலையை வைத்து ஒரு பட்டியல் இருக்கிறது: கூலியாட்கள் வாரத்துக்கு இரண்டு முறை, கழுதை ஓட்டுகிறவன் ஒருமுறை, ஒட்டகம் ஓட்டுகிறவன் முப்பது நாளுக்கு ஒருமுறை, மாலுமி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வேலைவெட்டி இல்லாதவன் தினமும்! மனைவியைச் சேர்வதில்லை என்று ஒருவன் நேர்ந்துகொண்டால் எத்தனை நாள் தாங்கலாம் என்பதற்கு ரபீக்களில் ஷம்மாய் வழிவந்தவர்கள் இரண்டு வாரம் என்றார்கள், ஹில்லேல் வழிவந்தவர்கள் ஒரு வாரம் என்றார்கள். பவுலின் ‘கொஞ்ச காலம்’ இந்தப் பேச்சோடு ஒட்டித்தான் வருகிறது. அவர் யூதச் சட்டத்தை நுணுக்கமாகக் கைக்கொண்ட பரிசேயராக வளர்ந்தவர் ஆயிற்றே. புறஜாதியாரிலும் இப்படி யோசித்தவர்கள் இருந்தார்கள். பவுல் வாழ்ந்த அதே முதல் நூற்றாண்டின் ஸ்தோயிக்கத் தத்துவ ஆசிரியர் முசோனியஸ் ரூஃபஸ், அடிமைப் பெண்ணோடு படுப்பதில் தப்பில்லை என்கிறவன், தன் மனைவி ஓர் அடிமையோடு இருந்தால் ஒத்துக்கொள்வானா என்று கேட்டார். ஆகவே உலகத்திலேயே பவுல் ஒருவர்தான் சொன்னார் என்று நாம் மார்தட்ட வேண்டியதில்லை.

சரி, ‘வேகிறதைப்பார்க்கிலும்’ வசனத்துக்கு வருவோம். அது எட்டாம் வசனத்தில் தொடங்கும் பேச்சு, விவாகமில்லாதவர்களுக்கும் விதவைகளுக்கும் சொன்னது. திருமணம் என்றால் என்ன என்று இலக்கணம் வகுக்க எழுதியதல்ல. ‘என்னைப்போல இருந்துவிட்டால் நலம், முடியாவிட்டால் கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள், பாவமில்லை’ என்கிறார், அவ்வளவுதான். இதில் நாம் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. ரோமப் பேரரசர் அகஸ்துவின் திருமணச் சட்டங்கள் கி.மு. 18லும் கி.பி. 9லும் வந்தவை. அவற்றின்படி 25 முதல் 60 வயது ஆணும் 20 முதல் 50 வயதுப் பெண்ணும் மணமாகாமல் இருந்தால் உயில் மூலம் வரும் சொத்தில் அடி விழும். கணவன் இறந்தால் இரண்டு வருஷத்துக்குள் மறுமணம். ரோமக் குடியுரிமை உள்ள கொரிந்து விதவைக்கு அரசாங்கமே கல்யாண நெருக்கடி கொடுத்த காலம் அது. அவளிடம் ‘விரும்பினால் கட்டிக்கொள், கட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது’ என்று ஒருவர் சொல்கிறார். இன்று நம் காதில் கறாராக விழுவது அவளுக்கு விடுதலையாகக் கேட்டிருக்கலாம். போதாதற்கு ‘காலம் குறுகினது’ என்ற எதிர்பார்ப்பிலும் அவர் எழுதுகிறார். கன்னிகைகளைப் பற்றிப் பேசும்போது கர்த்தரின் கட்டளை தன்னிடம் இல்லை, தன் அபிப்பிராயத்தைத்தான் சொல்கிறேன் என்று வெளிப்படையாக எழுதியும் வைக்கிறார்.

அவிசுவாசியான துணை பற்றிய பகுதியும் அப்படித்தான். கணவன் கும்பிடும் தெய்வங்களை மட்டுமே மனைவி கும்பிட வேண்டும் என்றார் அதே புளூட்டார்க். பவுலோ மனைவி தன் விசுவாசத்தோடே அந்த வீட்டில் இருக்கலாம், அவன் பிரிந்துபோனால் போகட்டும், அவள் அடிமைப்பட்டவள் அல்ல என்கிறார். இந்த வசனத்தின் பின்னணியில்தான் 1866ல் மதம் மாறியவர்களின் திருமண முறிவுச் சட்டம் இங்கே வந்தது. கிறிஸ்தவராகிவிட்ட ஒருவரை அந்தக் காரணத்துக்காகவே துணை கைவிட்டால், திருமணத்தை முறிக்கக் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது அது.

எனக்கு இந்த அதிகாரத்தில் உறுத்துவது ஒன்று உண்டு. ரோமச் சட்டத்தில் அடிமைகளுக்குத் திருமணம் என்பதே கிடையாது. சேர்ந்து வாழலாம், எஜமான் நினைத்தால் பிரித்து விற்கலாம். அடிமைப் பெண்ணின் உடலும் அவன் கையில்தான். கொரிந்து சபையில் அடிமைகள் இருந்தார்கள் என்பது 21ஆம் வசனத்திலேயே தெரிகிறது, விடுதலை பற்றியும் அங்கே பேசுகிறார். கணவனுக்குத் தன் உடல்மேல் அதிகாரம் இல்லை என்று அவ்வளவு துணிந்து எழுதியவர், எஜமான் கூப்பிட்டால் போகாமலிருக்க முடியாத விசுவாசியான ஓர் அடிமைப் பெண் என்ன செய்வாள் என்பதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ‘வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள்’ என்று ஆறாம் அதிகாரத்தில் சொன்னது அவளுக்கு எப்படிப் பொருந்தும் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நான் வாசித்த வியாக்கியானங்கள் எதிலும் அதற்குத் திருப்தியான பதில் இல்லை.