அண்டாவில் பியர் காய்ச்சலாமா?

கேள்வி: எனக்கு வயது 29, ஊர் அவிநாசிப் பக்கம். மேல்படிப்புக்காக இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இரண்டாண்டு இருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை சமையலறையிலேயே 23 லிட்டர் பியர் காய்ச்சுவார். கூட நின்று கற்றுக்கொண்டேன். இப்போது தோட்டத்து வீட்டில் அதைச் செய்து பார்க்க ஆசை. விற்கப்போவதில்லை. "நம் வீட்டில் சாராயமா? கண் போய்விடும்" என்று அம்மா அழுகிறார். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கடையில் வாங்கிக் குடித்தால் குற்றமில்லை, நானே செய்தால் குற்றமா? நம் ஊர் வெயிலில் பியர் சரியாக வருமா? அங்கிருந்து கொண்டுவந்த ஹாப்ஸை (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் காய்ந்த பூ) என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: தம்பி, குற்றம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராஜாஜி அரசு 1937இல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் முதன்முதலில் அமலுக்கு வந்தது நமக்குப் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில். அதற்குப் பிறகு கடைகளை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடித் திறந்தார்கள். அனுமதியில்லாமல் மது தயாரிக்கக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. விற்கவா, வீட்டுக்கா என்றெல்லாம் அது கேட்காது. 2024இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்கள் போன பிறகு தண்டனையையும் கூட்டிவிட்டார்கள். பிரிட்டனிலும் வீட்டில் பியர் காய்ச்ச 1963 வரை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. உங்கள் லீட்ஸ் நண்பருக்கு அந்தத் தொல்லை நீங்கியிருக்கிறது, உங்களுக்கு நீங்கவில்லை.

கடையில் வாங்கலாம், கையால் செய்யக் கூடாது என்பதில் என்ன நியாயம் என்று கேட்கிறீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கள் இறக்கத் தடை வந்த 1987 முதல் நம் பக்கத்துத் தென்னை, பனை விவசாயிகள் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான். ஆனால் அவர்கள் தெருவில் நின்று கேட்கிறார்கள். தோட்டத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் பதில் சொல்ல போலீஸ்தான் வரும்.

அப்பாவின் மௌனத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். கள்ளுக்குப் பயன்படக் கூடாது என்று பெரியார் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். அந்த மண்ணில் பிறந்தவர் அண்டாவையும் மால்ட்டையும் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

அம்மாவின் பயம் வேறு. கண்ணைப் பறிப்பது மெத்தனால். கள்ளச்சாராயத்தில் லாபத்துக்காகக் கலக்கிற தொழிற்சாலைச் சரக்கு அது. மால்ட் சாற்றில் ஈஸ்ட் போட்டு நொதிக்கவைத்தால் அந்த ஆபத்து வராது. இதை அவரிடம் சொல்லுங்கள், ஆனால் வாதத்தில் ஜெயிப்பதற்காகச் சொல்லாதீர்கள்.

சரி, வெயில். லீட்ஸில் பாதி வேலையை அந்த ஊர்க் குளிரே செய்துவிட்டது. ஏல் என்ற பியர் வகைக்குப் போடும் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். நொதிக்கும்போது வாளி தானாகவே இன்னும் சூடேறும். சித்திரையில் நம் ஊர் அறைக்குள் வைத்தால் ஈஸ்ட் வெறிபிடித்து வேலை செய்து, பெயின்ட் தின்னர் வாடையும் தலைவலியும்தான் மிஞ்சும். நொதித்து முடியுமுன் பாட்டிலில் அடைத்தால் பாட்டிலே வெடிக்கும்.

உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கியிருக்கிறேன். அதில் இரண்டு பக்கம் வெந்நீரில் மால்ட் ஊறும் மணத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். போதையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்: அந்த வேலைக்குப் பார்லியே வேண்டாம், ராகி போதும். வெப்பநாட்டுத் தானியங்களில் நல்ல மால்ட் தருவது அது.

ராகியை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, இரண்டு மூன்று நாளில் முளைவிட்டதும் வெயிலில் காயவையுங்கள். அம்மா இதை வறுத்துத்தான் அரைப்பார். உங்கள் பங்கை வறுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி வாணலிச் சூட்டில் செத்துவிடும்.

பிறகு முளைகட்டாத ராகி மாவில் களி கிளறுங்கள், கொஞ்சம் இளக்கமாக. 65 டிகிரிக்கு ஆறியதும் முளைராகி மாவு ஒரு கைப்பிடி போட்டுக் கலக்குங்கள். கரண்டி நட்டால் நிற்கிற களி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழாகி, மோராகி ஓடும். முதல் தடவை நான் பாத்திரத்தை மாற்றிவிட்டேனோ என்று பயந்தேன். சூடு இறங்காமல் போர்வை சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் தித்திக்கும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு அயோடின் தொட்டுப் பாருங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மீதி இருக்கிறது. அந்தச் சொட்டைக் கொட்டிவிட்டு, மீதியை வடிகட்டி, இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து அன்றே குடித்துவிடுங்கள். அப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.

அன்றே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காங்கேயம் பக்கம் என் அப்புச்சி தோட்டத்தில் பதநீர்ப் பானைக்குச் சுண்ணாம்பு தடவுவார்கள். ஒரு நாள் தடவல் குறைந்தால் உச்சிவேளைக்குள் நுரை தளும்பும், அம்மாயி மூக்கைப் பிடித்துக்கொண்டு பானையை வரப்பில் கவிழ்ப்பார். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட்டுக்கு நம் சட்டம் தெரியாது. உங்கள் ராகிச் சாறும் மறுநாள் நுரைத்தால் கொட்டிவிடுங்கள்.

ஹாப்ஸைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், வெளியில் கிடந்தால் மணம் போய்விடும். ஆனால் அம்மாவிடம் சொல்லிவிட்டு வையுங்கள். காய்ந்த கீரை என்று நினைத்து ரசத்தில் போட்டுவிட்டால், கொதிக்கக் கொதிக்கக் கசப்பு இறங்கும். பிறகு அப்பா மட்டுமல்ல, வீட்டில் யாருமே உங்களோடு பேசமாட்டார்கள்.