மெல்பர்னில் ஒரு பழைய மரவீட்டுக்கு எதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு?

மெல்பர்ன் புறநகரில் 1910 வாக்கில் கட்டிய எட்வர்டியன் பாணி (இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககாலப் பாணி) மரவீட்டை வாங்க நினைக்கிறீர்கள், அதன்மேல் 'ஹெரிடேஜ் ஓவர்லே' (பழைய கட்டடங்களைக் காக்கும் திட்டமிடல் கட்டுப்பாடு) இருக்கிறதாம், பெரிய ஆள் யாரும் வாழாத வீட்டுக்கு என்ன பெருமை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பு பெரும்பாலும் அந்த ஒரு வீட்டில் இல்லை, தெருவில் இருக்கிறது. ஒரே காலத்து வீடுகள் வரிசை கலையாமல் நின்றால், ரயிலும் டிராமும் நீண்ட பிறகு நகரம் எப்படி விரிந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஒன்றை இடித்துக் கான்கிரீட் பெட்டி வைத்தால் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் வீட்டையே பாருங்கள். செங்குத்தான கூரை, பல வீடுகளில் சுட்டமண் ஓடு (பிரான்ஸின் மார்செய் ஓடுகள் அன்று கப்பலில் வந்தன), உயரமான செங்கல் புகைபோக்கி, வராந்தாவில் மரச் சித்திர வேலை, ஈயச்சட்டமிட்ட வண்ணக் கண்ணாடி. இவை எவ்வளவு மாறாமல் இருக்கின்றனவோ அவ்வளவு மதிப்பு. ஜன்னலை அலுமினியமாக்கி, வராந்தாவையும் அடைத்துவிட்ட வீடு என்றால் வாதம் பலவீனம்.

சரி, சட்டம்? இடிக்கவும் வெளித்தோற்றத்தை மாற்றவும் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். உள்ளே சமையலறையை மாற்றினால் ஓவர்லே பொதுவாகக் குறுக்கே வராது. உள்மாற்றக் கட்டுப்பாடு தனியாகக் குறித்திருக்கிறதா என்று மட்டும் ஓவர்லேயின் அட்டவணையில் பாருங்கள். தெருவிலிருந்து தெரியாதபடி பின்பக்கம் நீட்டிக் கட்டப் பலருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. 'பலகை உளுத்துவிட்டது, அதைக் காட்டி இடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உளுத்ததைக் கழற்றி அதே மாதிரிப் பலகை அடிப்பது தச்சருக்கு வழக்கமான வேலை.