கடவுச்சொல் ஏற்கப்பட்டும் ஐபி முகவரி கிடைக்காதது ஏன்?

வணக்கம். வைஃபை அணுகல் புள்ளியாக மாற்றிய உங்கள் லினக்ஸ் கணினி கடவுச்சொல்லை ஏற்ற பிறகும், கைபேசி ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற நிலையிலேயே நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள்; ஆகவே வைஃபை அட்டையில் குறையில்லை என்றே கொள்ளலாம். கணினியை அணுகல் புள்ளியாக இயக்கும் ஹோஸ்ட்ஏபிடி (hostapd) என்ற மென்பொருள், இணைய வரும் சாதனத்தைச் சரிபார்த்து இணைப்பதோடு நின்றுவிடும். முகவரி வழங்குவது அதன் வேலையன்று. வைஃபை இடைமுகத்துக்கு 192.168.50.1 போன்ற, உங்கள் கம்பிவழி வலையமைப்பு பயன்படுத்தாத வரம்பிலுள்ள நிலையான முகவரியை அளித்து, அதே வரம்பில் முகவரிகளை வழங்குமாறு டிஎன்எஸ்மாஸ்க் (dnsmasq) மென்பொருளை அமையுங்கள். பலரும் கவனிக்கத் தவறுவது ஃபயர்வாலைத்தான்: முகவரிக் கோரிக்கைகள் வந்துசேரும் வாயிலான யுடிபி 67ஆம் போர்ட் அடைபட்டிருந்தால், மற்ற அனைத்தும் சரியாக இருந்தாலும் கைபேசியின் கோரிக்கை டிஎன்எஸ்மாஸ்க்கை எட்டாது. முகவரி கிடைத்த பின்னும் இணையம் வராவிட்டால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு வலையமைப்பின் தரவை மற்றொன்றுக்குக் கடத்தும் வசதியை) இயக்கி, கம்பிவழி இடைமுகத்தில் மாஸ்கரேட் விதியை (கைபேசியின் தரவைக் கணினியின் முகவரியிலிருந்தே செல்வதுபோல் அனுப்பும் ஃபயர்வால் விதியை) சேர்க்க வேண்டும். லினக்ஸில் வலையமைப்பு இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் ஹாட்ஸ்பாட் வசதி இவற்றைத் தானாகவே செய்துவிடும்; ஆனால் அதை இயக்குமுன் ஹோஸ்ட்ஏபிடியை நிறுத்திவிடுங்கள், ஒரே அட்டையை இரண்டும் ஆள முயன்றால் இணைப்பு நிலைக்காது.