கேள்வி நேரம்: வீசம் பங்குக்கார ஊர்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் நெதர்லாந்தின் எங்க்ஹெய்சன் என்ற சின்ன ஊருக்கும் பங்கு இருந்ததாமே? நம் மொரீசியஸ் தீவுக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், மஹேபூர்

பங்கு இருந்தது. 1602இல் தொடங்கிய கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹூர்ன், எங்க்ஹெய்சன் என ஆறு ஊர்களில் கிளைகள். வியாபாரத்தில் பாதி ஆம்ஸ்டர்டாமுக்கு, கால் பங்கு மிடில்பர்குக்கு. மற்ற நான்குக்கும் ஆளுக்கு ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. இயக்குநர்கள் 17 பேரில் ஆம்ஸ்டர்டாமுக்கு 8, மிடில்பர்குக்கு 4, மற்ற ஊர்களுக்கு ஒவ்வொன்று. பதினேழாவது இடம் மட்டும் ஆம்ஸ்டர்டாம் தவிர்த்த ஊர்களுக்குள் முறைவைத்துச் சுற்றும். பெரிய பங்காளி தனியாக முடிவெடுத்துவிடக் கூடாது என்று போட்ட கடிவாளம் அது.

தீவுக்குள்ள தொடர்பு ஒரு மனிதர் வழியாக வருகிறது. எங்க்ஹெய்சனில் வளர்ந்த யான் ஹெய்கன் வான் லின்ஸ்கோட்டன் 1583 முதல் கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்தவர். போர்த்துகீசியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடல்வழிக் குறிப்புகளைப் படியெடுத்து, ஊர் திரும்பி அச்சிட்டுவிட்டார். ஜாவாவில் போர்த்துகீசியர் பலம் குறைவு, சுந்தா நீரிணை வழியே போங்கள் என்பது அவர் யோசனை. ஜாவாவை நோக்கிப் புறப்பட்ட இரண்டாவது டச்சுக் கப்பல் கூட்டத்தில் ஐந்து கப்பல்கள், நன்னம்பிக்கை முனையைத் தாண்டியபின் புயலில் பிரிந்து, 1598 செப்டம்பரில் நம் கிராண்ட் போர் கரையில் ஒதுங்கின. நம் தீவுக்கு டச்சு இளவரசர் மௌரிட்ஸின் பெயர் விழுந்தது அப்போதுதான். டச்சுக்காரர்கள் 1638இல் இங்கே கோட்டை கட்டினார்கள், 1658இல் போனார்கள், 1664இல் வந்தார்கள், 1710இல் ஒரேயடியாகக் கிளம்பினார்கள். வியே கிராண்ட் போர் ஊரில் இன்று நாம் பார்க்கும் கற்சுவர்களில் பல, பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் எழுப்பியவை. டச்சுக்காரர் கைவேலையைப் பார்க்க எங்க்ஹெய்சனுக்கே போவது நல்லது.

அவ்வளவு பணம் புழங்கிய ஊர் ஏன் சிறுத்துப்போனது?
– வாசகி, ரோஸ் ஹில்

பணம் முதலில் வந்தது ஹெர்ரிங் மீனில். ஊர்ச் சின்னத்திலேயே மூன்று ஹெர்ரிங் உண்டு. பிடித்த மீனைக் கப்பலிலேயே செவுளையும் குடலில் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்து, கணையத்தை உள்ளே விட்டு, உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவார்கள். கணையத்தின் சுரப்புதான் மீனைப் பதப்படுத்தும். அதையும் சேர்த்து வழித்துவிட்டால் உப்புக் கரிக்குமே தவிர ருசி ஏறாது. கரைக்கு வராமல் வாரக்கணக்கில் கடலில் நிற்க முடிந்தது இந்த முறையால்தான்.

17ஆம் நூற்றாண்டில் 20,000 பேருக்கு மேல் இருந்த ஊர். பிறகு ஆங்கிலேயரோடு நடந்த போர்களில் மீன்பிடி அடிவாங்கியது, தெற்குக் கடல் என்ற அந்த உள்கடலில் மணல் மேடிட்டது, வியாபாரத்தை ஆம்ஸ்டர்டாம் இழுத்துக்கொண்டது. ஆளில்லாத வீடுகளை இடித்துச் செங்கல்லை விற்றார்கள். ஊர் பெருகும் என்று மதிலுக்குள் வளைத்துப் போட்ட நிலத்தில் விவசாயிகள் குடியிருந்த மூலை இன்றும் இருக்கிறது. கடைசி அடி 1932 மே 28 அன்று: அஃப்ஸ்லெய்ட்டைக் என்ற 32 கிலோமீட்டர் அணையால் கடல்வாயை அடைத்தார்கள். உப்புநீர் மெல்ல நன்னீர் ஏரியானது, கடல்மீன் தொழில் போயிற்று. புதிதாகக் கட்டக் காசில்லாததால்தான் பழைய ஊர் தப்பியது.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா?
– வாசகர், காத்ர் போர்ன்

தாராளமாக. ரயிலில் ஒரு மணி நேரம், எங்க்ஹெய்சன்தான் கடைசி நிலையம். ஹூர்னோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. பலகையைப் பார்த்து ஏறுங்கள். வங்கி அட்டையைத் தொட்டு நுழைந்தால் வெளியேறும்போதும் அதே அட்டையைத் தொட வேண்டும். மறந்தால் போன தூரத்துக்கு மேல் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

நிலையத்தருகே திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் படகு கிடைக்கும். அந்தத் திறந்தவெளிப் பகுதி ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் போனால் உள்ளரங்கு மட்டுமே, அதுவும் 1625இல் கட்டிய மிளகுக் கிடங்கில். வெளியே பார்க்கத் தவறவிடக் கூடாதது ஆகர்ஸ்லோட்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய சுண்ணாம்புக் காளவாய்கள், குப்பி வடிவில். கிளிஞ்சலையும் சதுப்புநிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டியையும் மாற்றி மாற்றி அடுக்கி எரித்து, பிறகு நீர் தெளித்து நீற்றுவார்கள். நம் கரையோரக் காளவாய்களில் பவளப்பாறையைச் சுட்டார்கள். சரக்குதான் வேறு, வேலை ஒன்றே.

மதியத்துக்கு மேல் ஊருக்குள் நடக்கலாம். துறைமுக வாயிலில் 1540இல் கட்டிய ட்ரொம்மெடாரிஸ் கோபுரம், அதன் மணிக்கோவை (மெட்டு இசைக்கும் மணிகளின் வரிசை) ஹெமோனி சகோதரர்கள் வார்த்தது. 1559ஆம் ஆண்டின் எடைமாளிகை, 1688இல் முடிந்த நகரமன்றம். வெஸ்டர்ஸ்ட்ராட் தெருவோடு மேற்கே போனால் வெஸ்டர்கெர்க் தேவாலயம் வரும். மரத்தால் கட்டிய அதன் மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். தெருக்கோடியில் 1649ஆம் ஆண்டு கூபோர்ட் வாயில். எல்லாம் கால்நடைத் தூரம். ஏரிக்காற்று கோடையிலும் வெட்டும், மேல்சட்டை ஒன்று கையோடு இருக்கட்டும். மொரீசியஸ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை.

விதைப் பொட்டலத்தில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்தேன். விதை அங்கிருந்தா வருகிறது?
– வாசகர், வக்வா

மீன் போனபின் ஊரைத் தாங்கியது விதைத் தொழில். என்ஸா ஸாடன் நிறுவனத்தின் தலைமையிடம் அங்கேதான். ஆனால் முகவரி எங்க்ஹெய்சன் என்றால் விதை அங்கே விளைந்தது என்று பொருளல்ல. பல நாடுகளில் விளைவித்து, சுத்தம் செய்து, சோதித்து அடைக்கிறார்கள். பொட்டலத்தில் முகவரியை விட முளைப்புச் சதவீதத்தையும் அடைத்த தேதியையும் பாருங்கள். எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்டிருந்தால் அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்காதீர்கள், தாய்ச்செடியைப் போல ஒரே சீராக வராது.