பழைய டெஸ்க்டாப் ஐ5ஆ, செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஐ7ஆ? எது வேகம்?

நீங்க கேட்டது இதானே: வீட்ல ஐ5-2400 போட்ட பழைய டெஸ்க்டாப் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல ஐ7-7500யூ லேப்டாப் ஒன்னு 18 ஆயிரத்துக்கு வருது, வீடியோ எடிட்டிங்க்கு அதுக்கு மாறிடலாமா. எடிட்டிங்க்குன்னா வேணாம். இதே ரெண்டு ப்ராசஸரையும் ஒரே டேபிள்ல வெச்சு ரெண்டு வருஷம் மல்லுக்கட்டுனவன் நான்.

பள்ளிகொண்டால மாமாவோட ஸ்டுடியோ, கல்யாண வீடியோ எடிட்டிங் எல்லாம் என் தலைல. வேலூர்ல ஒரு கடைக்கு லேப்டாப் பாக்கப் போனப்ப கடைக்காரர் ஸ்டிக்கர தட்டிக் காட்டி "இன்னா தம்பி யோசிக்கிற, உன்ட்ட ஐ5 தான கீது, இது ஐ7 பா"ன்னார், நானும் அஞ்ச விட ஏழு பெருசுதானேன்னு காச எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன். வைகாசி முகூர்த்தம், ஒரே வாரத்துல மூணு கல்யாணம், முதல் வீடியோவ லேப்டாப்ல ரெண்டர் (எடிட் பண்ணத எல்லாம் சேத்து ஒரே வீடியோ ஃபைலா ஆக்கறது) போட்டுட்டு படுத்தேன். காலைல எழுந்து பாத்தா பழைய டப்பா எவ்ளோ நேரம் எடுத்துக்குமோ அதே நேரம்தான் ஆயிருக்கு, கொஞ்சம் கூடவே.

ஏன்னு அப்புறம்தான் உக்காந்து பாத்தேன். ஐ5-2400 வந்தது 2011ல, 4 கோர் (வேலை செய்ற மூளை), 4 த்ரெட் (ஒரே நேரத்துல எடுத்துக்கற வேலை), வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், டர்போல, அதாவது தற்காலிகமா ஏறுற வேகத்துல 3.4, 95 வாட். ஐ7-7500யூ 2016, ஆனா கோர் ரெண்டே ரெண்டுதான், ஒரே கோர ரெண்டு வேலை பாக்க வைக்கற ஹைப்பர் த்ரெட்டிங்னால 4 த்ரெட், 2.7ல இருந்து டர்போல 3.5, வெறும் 15 வாட். நம்ம ஊர்ப் பக்கம் கல்யாணத்துல பிரியாணி போடற மாதிரி நெனச்சுக்கோங்க, டெஸ்க்டாப்ல நாலு மாஸ்டர் ஆளுக்கொரு அடுப்பு, லேப்டாப்ல ரெண்டே மாஸ்டர், ஒவ்வொருத்தரும் ரெண்டு அடுப்புக்கு நடுவுல ஓடிட்டு இருக்காங்க. புது மாஸ்டர் கை சுறுசுறுப்பு, அதே கிகாஹெர்ட்ஸ்ல பழசு செய்றத விட அதிகமாவே செய்வார், அதனாலதான் ரெண்டு பேரா நாலு பேர் கிட்ட வர்ற அளவுக்காவது தாக்குப் புடிக்கறாங்க.

அடுப்புச் சூடு வேற விஷயம். 95 வாட்டுக்கு சூட்ட இழுக்கற பெரிய ஹீட்சிங்க், பெரிய ஃபேன், கேபினட்ட தொறந்து கூட வெச்சுக்கலாம். லேப்டாப்ல தம்மாத்தூண்டு ஃபேன். எங்க ஸ்டுடியோ மாடில, மேல ஷீட்டு, அக்னி நட்சத்திரத்துல வேலூர் வெயில் 40 டிகிரிய தாண்டும்போது ரூம்ல உக்காந்திருக்கற நமக்கே மூளை வேலை செய்யாது, அது மட்டும் என்ன பண்ணும்? ரெண்டர் ஆரம்பிச்ச புதுசுல ஸ்பீடு நல்லா இருக்கும், போகப் போக சூடு தாங்காம டாஸ்க் மேனேஜர்ல கிகாஹெர்ட்ஸ் இறங்கிட்டே வரும். கடைல ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்தா இது தெரியவே தெரியாது.

ஆனா லேப்டாப்ப முழுசா திட்டவும் மாட்டேன். ஃபோட்டோஷாப்ல ஆல்பம் டிசைன் மாதிரி பெரும்பாலும் ஒரு கோர நம்பி ஓடற வேலைக்கு அதுதான் சுறுசுறுப்பு. யூடியூப்ல வர்ற விபி9ங்கற ஃபார்மேட் வீடியோவ சிப்புலயே தனி ஹார்டுவேர் டிகோட் பண்ணிடும், 2400ல அது கிடையாது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லன்னா கோர் மேலதான் பாரம். சிப்புலயே இருக்கற வீடியோ என்கோடர், குவிக் சிங்க் போட்டு எக்ஸ்போர்ட் பண்ணாலும் லேப்டாப் முந்தும், நான் குவாலிட்டிக்காக கோர வெச்சே பண்ற சாஃப்ட்வேர் என்கோடிங்லயே போறதால எனக்கு அது உதவல. அப்புறம் கரண்ட் போனா பேட்டரி இருக்கு, பாதி ரெண்டர்ல யூபிஎஸ் காலை வாரினவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

இன்னொன்னு, நெறைய பேர் "புது லேப்டாப் செம ஃபாஸ்ட்"டுன்னு சொல்றது ப்ராசஸராலயே இல்ல, உள்ள ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா இருக்கற எஸ்எஸ்டிங்கற வேகமான ஸ்டோரேஜால. நான் டெஸ்க்டாப்ல ஹார்டு டிஸ்க்க மாத்தி ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டேன், மாமா வந்து பாத்துட்டு "எப்படா புதுசு வாங்குன"ன்னு கேட்டார். உங்களுதுல இன்னும் ஹார்டு டிஸ்க்குன்னா மொதல்ல அத செய்ங்க, ரெண்டர் வேகம் ஏறாது, ஆனா ஆன் ஆகறதும் ஃபைல் தொறக்கறதும் வேற மாதிரி ஆயிடும்.

லேப்டாப்தான் வேணும், தூக்கிட்டுப் போகணும்னா இன்னும் கொஞ்சம் காசு சேத்து 8வது ஜெனரேஷன் பாருங்க. 2017ல வந்த ஐ5-8250யூ, அதே 15 வாட்டுதான், ஆனா 4 கோர் 8 த்ரெட், பேரு ஐ5ன்னாலும் இந்த ஐ7ஐ ரெண்டர்ல தூக்கி சாப்ட்ரும். விண்டோஸ் 11ம் அதுல இருந்துதான் முறைப்படி ஏறும், உங்க 2400க்கும் 7500யூக்கும் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இடம் இல்ல, விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது.

கடைக்குப் போனா ஸ்டிக்கர பாக்காம கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேத்து அழுத்தி, வர்ற டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ்ல கோர் எத்தனைன்னு பாருங்க. முடிஞ்சா பென் ட்ரைவ்ல ப்ராசஸர் வேகத்த அளக்கற சினிபெஞ்ச் ஆர்23 எடுத்துட்டுப் போய் 10 நிமிஷ டெஸ்ட்ட ஓட்டுங்க, அந்த பத்து நிமிஷம் ஓட விடமாட்டேன்னு கடைக்காரர் சொன்னா கெளம்பி வந்துடுங்க. என்னோட ஐ7 இப்ப மண்டபத்துல ஸ்லைட் ஷோ போடறதுக்கு மட்டும் வெளிய போவுது, ரெண்டர் இன்னிக்கும் அந்த பழைய டப்பாலதான் ஓடுது.